அடுத்த போகத்து விதை யார் கையில்?

மரபணு மாற்றுப் பயிர் வேண்டுமா வேண்டாமா என்று பேச்செடுத்தால், சாப்பிட்டால் கெடுதலா இல்லையா என்பதிலேயே பொழுது போய்விடுகிறது. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. இந்தப் போகத்தில் விளைந்ததிலிருந்து அடுத்த போகத்துக்கு விதை எடுக்கலாமா? சொந்த விதை, வீரிய ஒட்டு விதை, காப்புரிமை போட்ட மரபணு மாற்று விதை, அரசு ஆய்வு நிலையம் தரும் மரபணு மாற்று விதை ஆகிய நான்கையும் அந்தக் கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்க்கிறேன்.

சொந்த விதைக்குக் கத்தரியைப் பாருங்கள். காயைச் செடியிலேயே மஞ்சளாகிப் பழுக்க விட்டு, பறித்து, தண்ணீரில் பிசைந்தால் முற்றிய விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். அலசி நிழலில் உலர்த்தி வைத்தால் போதும். ஒரே பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை. யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை, பக்கத்து வயல்காரருக்கும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம். குறையும் உண்டு. கலவன் செடிகளை, அதாவது இடையில் முளைக்கும் வேற்று ரகச் செடிகளை, பார்த்துப் பார்த்துப் பிடுங்காவிட்டால் ரகம் கெட்டுப்போகும்; நோய் விதையோடு கூடவே வரும்; ஈரத்தோடு கட்டி வைத்தால் முளைப்பு பாதியாகிவிடும். பல பயிர்களில் விளைச்சலும் ஒட்டு விதையைவிடக் குறைவு. இதையெல்லாம் மறைத்துவிட்டு நாட்டு விதையைப் புகழ்வது விவசாயிக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டு விதை முதல் போகத்தில் அசத்தும். செடிகள் ஒரே உயரம், காய்கள் ஒரே அளவு. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முந்திப் பூக்கும், ஒன்று பிந்தும். பெற்றோர் இருவரின் குணங்களும் பிரிந்து வருவதால் அப்படி. ஆகவே வருடா வருடம் கடைக்குப் போயே ஆகவேண்டும். 2010 பூகம்பத்துக்குப் பிறகு ஹைட்டிக்கு அமெரிக்க விதை நிறுவனமான மான்சான்டோ 475 டன் மக்காச்சோள, காய்கறி விதைகளை நன்கொடையாக அறிவித்தது. அவை மரபணு மாற்றியவை அல்ல. ஆனாலும் அந்த ஜூனில் இன்ஷ் நகரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் ஊர்வலம் போய் அந்த விதையை அடையாளமாக எரித்தார்கள். இலவசத்தை ஏன் எரித்தார்கள் என்று அன்று பலருக்குப் புரியவில்லை. இந்த வருடம் இலவசமாக வந்த விதையை அடுத்த வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவதான காப்புரிமை விதையில், மறுபடி விதைக்க விடாத பூட்டு செடிக்குள் இல்லை, தாளில் இருக்கிறது. அமெரிக்காவில் களைக்கொல்லி தாங்கும் சோயா வாங்குபவர் அறுவடையை விற்கலாம், விதைக்கக் கூடாது என்ற ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுகிறார். இண்டியானா விவசாயி வெர்னான் போமன் தானியக் கிடங்கில் சாதாரண சோயாவாக வாங்கியதை விதைத்தார். அதில் பெரும்பாலானவை களைக்கொல்லி தாங்கும் ரகமே. அதிலிருந்து மறுபடி விதை எடுத்துப் பல வருடம் விதைத்தார். 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நிறுவனத்துக்கு அவர் கட்டவேண்டிய தொகை 84,456 டாலர். கனடாவில் பெர்சி ஷ்மைசர் வழக்கு இன்னும் கசப்பானது. கடுகு இனமான கனோலாவில் கம்பெனி மரபணு தன் வயலுக்குத் தானாக வந்து சேர்ந்தது என்றார் அவர். அது எப்படி வந்திருந்தாலும், தெரிந்தே சேமித்து விதைத்தது காப்புரிமை மீறல்தான் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. பணம் கட்டச் சொல்லவில்லை என்பது மட்டும் ஆறுதல். தன் விதையைக் காப்பாற்ற நினைப்பவர் பக்கத்து வயலிலிருந்து வரும் மகரந்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை இது. எனக்கு இது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

இந்தியாவில் சட்டம் வேறு. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், பரிமாறவும், முத்திரைப் பெயர் போடாமல் விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. ஆனால் 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி (புழுவைக் கொல்லும் மண் பாக்டீரியாவின் மரபணு ஏற்றியது) ஏறக்குறைய முழுவதும் ஒட்டு ரகமாகவே சந்தைக்கு வந்தது. சேமிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, சேமித்தால் பயன் இல்லை. இங்கே இயற்கைப் பூட்டே சட்டப் பூட்டின் வேலையைச் செய்துவிட்டது.

காய்ப்புழுவுக்கு எதிராக அந்தப் பருத்தி ஆரம்பத்தில் நன்றாகவே வேலை செய்தது, மருந்தடிப்பு குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டது. குஜராத்தில் அது முதல் தலைமுறை பி.டி.யைத் தாங்கிவிட்டதை 2010-இல் மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. புர்கினா பாசோவில் பிரச்சினை புழு அல்ல, பஞ்சு. மரபணு ஏற்றிய ரகங்களில் இழை நீளம் குறைந்தது. நீள இழைக்காகவே பெயர்பெற்ற பருத்தி விலையில் அடிவாங்க, 2016-க்குள் அந்த நாடு பழைய ரகங்களுக்கே திரும்பியது. பூச்சி ஒன்றை வைத்து மட்டும் விதையை அளந்தால் இப்படித்தான் ஆகும்.

நான்காவதான அரசு மரபணு மாற்று விதையை என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. தண்டு, காய்த் துளைப்பானுக்கு எதிரான கத்தரியை வங்கதேசம் 2013-இல் அனுமதித்து, 2014 தொடக்கத்தில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. மரபணு இந்தியக் கம்பெனியிடமிருந்து வந்தது. ரகங்களோ அரசு ஆய்வு நிலையத்துடையவை, ஒட்டு ரகம் அல்ல. விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், கொடுக்கலாம். துளைப்பானுக்காக ஒரு போகத்தில் திரும்பத் திரும்ப விஷம் தெளிக்கும் கைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் ஏறக்குறைய இதே கத்தரியை 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைத்தார்கள். கத்தரியின் பல நூறு நாட்டு ரகங்கள் விளையும் மண் என்பது முக்கியமான காரணம், அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒற்றை மரபணு என்பதால் புழு பழகாமலிருக்க வயலோரம் சாதாரணக் கத்தரி வரிசை வைக்க வேண்டும். பெரிய பண்ணைக்கு அது ஓர் ஓரம். பத்து சென்ட் நிலத்தில் அந்த வரிசை புழுவுக்குப் போனால் அது வீட்டு வருமானத்தில் ஒரு பங்கு.

என் வரிசை இது: முதலில் சொந்த விதை, அதோடு கலவன் நீக்கவும் நோயற்ற விதை எடுக்கவும் கற்றுத்தரும் பொது ஆய்வு நிலையம். அடுத்து, சேமிக்க எழுத்தில் அனுமதி உள்ள அரசு ரகம், மரபணு மாற்றியதானாலும் சரி, நாட்டு ரகங்களோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால். ஒட்டு விதை கையில் காசு இருக்கும் வருடத்துக்கு மட்டும், அதுவும் நிலத்தின் ஒரு பகுதியில். காப்புரிமை விதைக்கு என் வயலில் இடமில்லை. 2018-இல் பேயர் மான்சான்டோவை 63 பில்லியன் டாலருக்கு வாங்கியபோது, விதையும் களைக்கொல்லியும் விற்கும் கை இன்னும் பெரிதானது. அந்தக் கையோடு வழக்காட இரண்டு ஏக்கர்காரருக்கு எந்த நீதிமன்றத்திலும் தெம்பு இருக்காது.