சிக்கிமுக்கியா, எலும்பா, இரும்பா? டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்டில் முதல் பிக்காசு

மைன்கிராஃப்ட் ஆட்டத்தில், கருவிகளைப் பாகம் பாகமாகச் சேர்த்துச் செய்யவைக்கும் டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்ட் என்ற மாட் (ஆட்டத்தோடு கூட்டிப் போடும் சேர்ப்பு) போட்ட முதல் நாள், நான் செய்த பிக்காசு முழுக்கக் கல்லால் ஆனது. தலை கல், தலையையும் பிடியையும் இணைக்கும் பைண்டிங் கல், பிடியும் கல். கையில் கிடைப்பது அதுதானே என்ற கணக்கு. இருபது கட்டைகூட (பிளாக்) உடைக்கவில்லை, முறிந்துவிட்டது. மாட் இல்லாத ஆட்டத்தில் சாதாரணக் கல் பிக்காசே 131 கட்டை தாங்கும். இவ்வளவு பெரிய மாட்டைப் போட்டு, பட்டறை மேசைகளை வரிசையாக அடுக்கி, கடைசியில் அதைவிட மட்டமான ஒன்றைச் செய்திருக்கிறேனே என்று அன்றைக்குக் கடுப்பாகத்தான் இருந்தது.

தப்பு மாட்டில் இல்லை, என் பிடியில்.

இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் மைன்கிராஃப்ட் 1.12.2க்கான டிங்கர்ஸ் கன்ஸ்ட்ரக்டுக்கு உரியவை. 2017இல் வந்த பதிப்புதான், ஆனாலும் பெரிய மாட்பேக்குகளில் (பல மாட்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகள்) பல அதில்தான் ஓடுகின்றன. 1.16 முதல் வந்த டிங்கர்ஸில் கணக்கு வேறு. அங்கே இதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் ஆயுள் எப்படிக் கணக்காகிறது என்று பார்த்துவிடலாம். தலையின் ஆயுளோடு பைண்டிங்கின் ஆயுளைக் கூட்டுவார்கள். அந்தக் கூட்டுத்தொகையைப் பிடியின் பெருக்கு எண்ணால் பெருக்குவார்கள். கடைசியில் பிடிக்கென்று உள்ள இன்னொரு எண்ணைக் கூட்டுவார்கள், அது கழித்தலாகவும் இருக்கலாம். என் கல் பிக்காசில் நடந்தது இதுதான்: தலை 120, பைண்டிங் 20, ஆக 140. கல் பிடியின் பெருக்கு 0.5, எனவே 70. அதில் 50 கழிய மிச்சம் 20. போதாததற்குக் கல் தலைக்கு ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும் குணம் வேறு உண்டு. ஆக 16.

தலை எது என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம். ஆரம்பத்தில் பிக்காசை வாழவைப்பதும் சாகடிப்பதும் பிடிதான். ஒரே சிக்கிமுக்கித் தலையையும் (150) ஒரே மரப் பைண்டிங்கையும் (15) வைத்துக்கொண்டு பிடியை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

கல் பிடி: 33
சிக்கிமுக்கிப் பிடி: 39
மரப் பிடி: 190
எலும்புப் பிடி: 232

முப்பத்து மூன்றுக்கும் இருநூற்று முப்பத்து இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு எலும்பு. மரத்தின் பெருக்கு 1, கூட்டல் 25. எலும்புக்கு 1.1, கூட்டல் 50. மரத்தை அதற்காக மட்டமாக நினைத்துவிட வேண்டாம். மரம் எந்தப் பாகத்தில் இருந்தாலும் கருவி தானாகவே மெல்ல மெல்லத் தேறிவரும். இரவில் குகைக்குள் அடைந்து கிடக்கும்போது கையில் இருக்கும் பிக்காசு தானே சரியாகிக்கொண்டிருப்பது ஒரு தனி ஆறுதல். எலும்பு கிடைக்கும்வரை மரப் பிடி, கிடைத்ததும் எலும்புப் பிடி. இதில் இரண்டாவது யோசனையே தேவையில்லை.

சரி, தலைக்கு வருவோம். உலோகத்தை உருக்கும் உலை (ஸ்மெல்டரி) கட்டுவதற்கு முன் நம் கையில் உள்ளவை கல், சிக்கிமுக்கி, எலும்பு, கள்ளி. நான்குமே இரும்புத் தாதுவரைதான் உடைக்கும். தங்கம், ரெட்ஸ்டோன், வைரம் மூன்றும் இவற்றுக்கு எட்டாது. எனவே போட்டி வேகத்திலும் ஆயுளிலும்தான். கல்லின் வேகம் 4, சிக்கிமுக்கிக்கு 5, எலும்புக்கு 5.09. ஆயுளில் கல்லுக்கு 120, சிக்கிமுக்கிக்கு 150, எலும்புக்கு 200, கள்ளிக்கு 210. கள்ளியின் வேகம் கல்லைப் போல 4தான், அதனால் பிக்காசுக்குக் கள்ளி வேண்டாம். கல் தலையை முதல் ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருப்பதிலும் அர்த்தமில்லை.

மிச்சம் சிக்கிமுக்கியும் எலும்பும். எண்களைப் பார்த்தால் எலும்பு ஜெயிக்கிறது, அதில் சந்தேகமில்லை. தலை, பைண்டிங், பிடி மூன்றும் எலும்பாக இருந்தால் ஆயுள் 342ஐத் தொடும். என்னோடு ஒரே வீட்டு நெட்வொர்க்கில் ஆடும் சித்தப்பா பையன் எலும்புக் கட்சி. "அண்ணே, நீ சரளை தோண்டுற நேரத்துல நான் நாலு எலும்புக்கூட்டை முடிச்சிருவேன்" என்பான். நாலு எலும்பு இருந்தால் முழு பிக்காசும் ஆகிவிடும் என்பது உண்மைதான்: தலைக்கு இரண்டு, பைண்டிங்குக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று. ஆனால் அந்த நாலு எலும்புக்கு முதல் இரவில், மரக் கத்தியோடு, வில்லேந்திய எலும்புக்கூடுகளின் எதிரே போய் நிற்க வேண்டும். அவனுக்குக் கை ஓடும். எனக்கு ஓடாது.

சிக்கிமுக்கிக்கு அந்த வம்பே இல்லை. சரளையைத் தோண்டும்போது எப்போதாவது ஒன்று விழும் என்று காத்திருக்கவும் வேண்டாம். மூன்று சரளைக் கட்டைகளைக் கைவினைக் கட்டத்தில் வைத்தால் ஒரு சிக்கிமுக்கி என்று இந்த மாட்டிலேயே வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஆற்றோரத்தில் உட்கார்ந்து முடிக்கிற வேலை. இன்னொன்று, பழுது பார்க்கும்போது தலை எந்தப் பொருளோ அதைத்தான் போட வேண்டும். டிங்கர்ஸில் கருவி ஆயுள் தீர்ந்தால் மறைந்துபோகாது, உடைந்த நிலையில் கையிலேயே இருக்கும். எனவே எந்தப் பொருள் தொடர்ந்து கிடைக்கும் என்பது முக்கியமாகிறது. சுரங்கத்துக்குள் சரளை எங்கும் கிடக்கிறது. எலும்பு அப்படி வழியில் கிடக்காது.

என் தீர்ப்பு: தலை சிக்கிமுக்கி, பிடி எலும்பு. அந்த ஒற்றை எலும்புக்காக ஒரே ஒரு எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டுங்கள், போதும்.

பைண்டிங்குக்கு? இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு மலிவான தந்திரம் இருக்கிறது. காகிதத்துக்கும் மரத்துக்கும் பைண்டிங்கில் ஒரே ஆயுள், 15. ஆனால் காகிதப் பாகம் ஒன்று இருந்தால் கருவிக்கு ஒரு மாடிஃபையர் (கருவியில் ஏற்றும் கூடுதல் திறன்) இடம் கூடுதலாகக் கிடைக்கும். வழக்கமான மூன்று, நான்காகும். தண்ணீரோரம் வளரும் கரும்பில் கொஞ்சம் வெட்டினால் காகிதம் ஆயிற்று. பின்னால் ரெட்ஸ்டோன் கிடைத்ததும் அந்த இடத்தில் 50 ரெட்ஸ்டோனை ஏற்றி வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். காகிதத்தைப் பிடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதன் பெருக்கு 0.1.

கத்திக்கு வந்தால் வரிசை மாறுகிறது. பிக்காசில் கடைசியில் நின்ற கள்ளி இங்கே முதலில் வந்து உட்காரும். அடியில் கள்ளிக்கு 3.4, கல்லுக்கு 3, சிக்கிமுக்கிக்கு 2.9, எலும்புக்கு 2.5. கள்ளிக் கத்தியின் முள் கவசத்தையும் மீறிக் கொஞ்சம் குத்தும். பாலைவனத்தில் பிறந்தவர்களுக்கு இது வரம். காட்டில் பிறந்தவர்கள் கள்ளியைத் தேடி நடக்க வேண்டாம், சிக்கிமுக்கி போதும். கவசம் போடாத எதிரியின்மேல் அது கொஞ்சம் கூடுதலாக விழும், ஆரம்ப நாட்களில் வரும் ஜாம்பிகளில் பெரும்பாலானவை வெறும் உடம்போடுதான் வரும். எலும்பைக் கத்தியின் அலகாக வைக்காமல் பிடியாக வையுங்கள். எலும்புப் பிடி ஆயுளைக் கூட்டுவதோடு அடியிலும் 1.5 சேர்க்கும். கள்ளி அலகும் எலும்புப் பிடியும் சேர்ந்தால், எலும்பில்லாத இரும்புக் கத்தியையே (இரும்பின் அடி 4) தாண்டிவிடும். வாணலியையும் ஆயுதமாகச் செய்யலாம் என்பதை நானும் அறிவேன். எதிரியைத் தூக்கி எறிவதற்கு அருமை, உயிர் பிழைப்பதற்கு அல்ல.

இனி இரும்பு. முழுக்க இரும்பால் செய்த பிக்காசின் ஆயுள் 276. முழு எலும்புக்கு 342 என்று மேலே பார்த்தோம். அதாவது இவ்வளவு பாடுபட்டு உலை கட்டி வார்த்த இரும்பு, ஆயுளில் எலும்பிடம் தோற்கிறது. காரணம் மறுபடியும் பிடி. இரும்புப் பிடியின் பெருக்கு 0.85. இரும்புத் தலைக்கு எலும்புப் பைண்டிங்கும் எலும்புப் பிடியும் போட்டால் 346. இரும்பின் பெருமை ஆயுளில் இல்லை. வைரத்தையும் ரெட்ஸ்டோனையும் தங்கத்தையும் உடைக்கும் தரம் அதற்குத்தான் உண்டு, வேகமும் 6. கீழே விழும் பொருள்களைக் காந்தம்போல் இழுக்கும் குணமும் இருக்கிறது.

இரும்புக்கு வரும்போது ஒரு முட்டுச்சந்து உண்டு, அதில் நானும் நின்றிருக்கிறேன். உலோகப் பாகங்களைப் பாகம் செய்யும் மேசையில் செதுக்க முடியாது, உலையில் உருக்கி அச்சில் வார்க்க வேண்டும். நிலையான அச்சுக்கு இரண்டு தங்கக் கட்டிகள் ஆகும். தங்கத் தாதுவை உடைக்க இரும்புப் பிக்காசு வேண்டும். இரும்புத் தலை வார்க்க அச்சு வேண்டும். வழி களிமண் அச்சு. ஒரே ஒரு முறைதான் உதவும், வார்த்ததும் போய்விடும், ஆனால் முதல் தலைக்கு அது போதும். உலைக்கான செங்கல்லுக்கும் மணல், சரளையோடு களிமண்தான் வேண்டும் என்பதால் ஆற்றங்கரையில் பார்த்த களிமண்ணையெல்லாம் அள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் தாதுவையும் சாதாரண அடுப்பில் போட்டு வீணாக்காதீர்கள். உலையில் ஒரு தாதுவுக்கு இரண்டு கட்டி கிடைக்கும்.

உங்கள் மாட்பேக்கில் செம்பும் தகரமும் கிடைத்தால் இரும்புத் தலையையே தவிர்த்துவிடலாம். மூன்று பங்கு செம்பு, ஒரு பங்கு தகரம், உலையில் சேர்ந்து வெண்கலமாகும். வெண்கலத் தலைக்கு ஆயுள் 430, வேகம் 6.8, உடைக்கும் தரம் இரும்பினதே. பிடியாகவும் எலும்பைவிட ஒரு படி மேல்: பெருக்கு 1.1, கூட்டல் 70. முழு வெண்கலப் பிக்காசு 631 கட்டை தாங்கும், இரும்பும் எலும்பும் சேர்ந்ததைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. காந்த இழுப்பு மட்டும் கிடையாது. தனிச் செம்பில் தலை செய்ய வேண்டாம், அது இரும்புத் தாதுவோடு நின்றுவிடும். எலெக்ட்ரம் வேகம் 12 என்று மயக்கும், தலையின் ஆயுள் 50தான். வெள்ளி, பேய்பிசாசு வகைகளை அடிக்கும் கத்திக்கு நல்லது.

அவசரக்காரர்களுக்கு இன்னொரு பாதை: அப்சிடியன். உலைக்குள் ஒரு வாளி லாவாவும் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினால் உருகிய அப்சிடியன் ஆகும், ஒரு பிக்காசுத் தலைக்குச் சரியாக இருக்கும். ஆயுள் 139 என்பது சிக்கிமுக்கியைவிடக் குறைவு. ஆனால் வேகம் 7.07, கோபால்ட்வரை உடைக்கும். வைரத்தைத் தேடாமலேயே நெதருக்குள் (ஆட்டத்தின் பாதாள உலகம்) போய்க் கோபால்ட் எடுத்துவரலாம். எலும்புப் பிடியும் எலும்புப் பைண்டிங்கும் போட்டால் 274, அந்த ஒரு பயணத்துக்குத் தாராளம். நானும் தம்பியும் சண்டையில்லாமல் ஒத்துப்போகும் ஒரே பிக்காசு இது.

அப்புறம், பழைய பிக்காசைத் தூக்கிப் போடாதீர்கள். பாகங்களைச் சேர்க்கும் மேசையான டூல் ஸ்டேஷனில் புதிய தலையை வைத்துப் பழையதை மாற்றிக்கொள்ளலாம், ஏற்றிய மாடிஃபையர்கள் அப்படியே இருக்கும். காகிதப் பைண்டிங்கை மட்டும், அது கொடுத்த இடத்தைப் பயன்படுத்திவிட்ட பிறகு, கழற்ற விடாது. என் பிக்காசில் இன்றைக்கும் தலை கோபால்ட், நடுவில் அதே முதல் நாள் காகிதம்.