கழுத்துப் பிடிப்புக்கு மந்திரிப்பு, சென்னிமலைப் பக்கம்

தறியில் குனிந்தே உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டது. சென்னிமலைப் பக்கத்துக் கிராமத்தில் மந்திரிக்கிற ஆத்தாவிடம் போனேன். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மட்டும்தான் பார்க்கிறார். டோக்கன் எல்லாம் கிடையாது. விடிந்ததுமே திண்ணை நிறைந்துவிடுகிறது. அதுதான் எரிச்சல்.

கைவேலை சுத்தம். கிழக்கே பார்த்து உட்கார வைத்து, "எங்க கண்ணு புடிக்குது?" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அப்புறம் வேப்பங்கொத்தை உச்சியிலிருந்து தோள்வரை இறக்கி, உதடு மட்டும் அசைய முணுமுணுத்து, கொட்டாவி கொட்டாவியாக விட்டார். விளக்கெண்ணெய் தடவி நீவும்போதே தோள் இளகிவிட்டது.

இளக வைத்தது மந்திரமா, நீவலா? பரிவாகக் கேட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்வர்டு ஆய்வாளர் டெட் கேப்சக் குழுவினர் எரிச்சல் குடல் (அடிக்கடி வயிற்றுவலி, மலம் கழிப்பதில் கோளாறு) நோயாளிகளுக்கு, ஊசி தோலுக்குள் இறங்காத போலி அக்குபஞ்சர் செய்து பார்த்தார்கள். அதிகம் பேசாமல் செய்தபோது 44 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம். பரிவாகப் பேசிச் செய்தபோது 62. சும்மா காத்திருந்தவர்களில் 28தான். நம் ஆத்தா அந்த 62 கட்சி.

காசு இஷ்டம்போல், வெற்றிலைத் தட்டில். எலும்பு அடி, வீக்கம் என்றால் தொடவே மாட்டார். "போயி படம் எடுத்துப் பாரு சாமி" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார். எண்ணெய்க் கறை லேசில் போகாது, பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.