பழைய மைக்ரோபஸ் வைத்திருப்பவர்களே, கராஜுக்குப் போகுமுன் இதைப் படியுங்கள்: எனக்கு 18,400 ரேண்ட் போயிற்று

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. 18,400 ரேண்ட். இரண்டு கல்யாணத்துக்கு அடுப்படியில் நின்று சமைத்துச் சேர்த்த காசு.

வண்டி 1989 ஃபோக்ஸ்வேகன் மைக்ரோபஸ். பின்னால் 2.1 லிட்டர் இன்ஜின். சாப்பாடு ஏற்றிப்போக என் வீட்டுக்காரர் வாங்கியது. மூன்று வாரத்துக்கு முன், இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கடைக்குப் போய்த் திரும்பும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறிவிட்டது, சிவப்பு விளக்கும் மினுக்கியது. ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் டப்பாவில் குறையவில்லை. ஆவி இல்லை, வாடை இல்லை. பெட்ரோல் பாதி டேங்க்தான் இருந்தது, அந்த முள்ளும் நிறைந்த கோட்டைத் தாண்டி நின்றது. கராஜில் முதலில் இதைத்தான் சொன்னேன்.

கராஜின் பெயரை எழுதவில்லை. வீட்டை ஒட்டிய சின்ன இடம். சுவரில் முருகன் படம், கராஜ்காரப் பையன் நெற்றியில் திருநீறு. "வாங்க அக்கா, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான். டர்பனில் முப்பது வயதுப் பிள்ளை வாயிலிருந்து இப்படித் தமிழ் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! என் பேரப்பிள்ளைகளே பேசுவதில்லை. அங்கேதான் விழுந்தேன். எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கேட்கத் தோன்றவில்லை. "இந்த வண்டிக்கு ஹெட் கேஸ்கெட்தான் வியாதி, ரெண்டு ஹெட்டையும் கழட்டணும்" என்றான். ஹெட் என்றால் இன்ஜினின் மூடி, கேஸ்கெட் அதன் இடுக்கை அடைப்பது. இந்த இன்ஜினுக்கு அந்த வியாதி உண்டு என்று என் வீட்டுக்காரரும் சொல்வார், அதனால் நம்பினேன். பெட்ரோல் முள்? "அது வேற விஷயம் அக்கா, அப்புறம் பாத்துக்கலாம்."

18,400 ரேண்டையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு பூஜை வீட்டுக்குச் சாப்பாடு. டோல் மிச்சமாகட்டும் என்று பைன்டவுன் வழியாகப் போனேன். ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் பாதியில் பின்பக்கம் கொதிநீர் பீறிட்டது. இந்தத் தடவை நிஜச் சூடு. சாம்பாரும் பாயசமும் ரோட்டோரம் ஆறிக் கிடந்தன. அந்த வீட்டில் விரதக்காரர்கள் காத்திருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

போன் போட்டால் "திங்கள் வாங்க அக்கா". திங்களன்று, பார்ட்ஸ் வாங்கப் போயிருக்கிறாராம். செவ்வாயன்று "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்". புதனன்று தமிழும் போயிற்று, அக்காவும் போயிற்று. "நோ வாரன்டி, மேடம்" என்று வைத்துவிட்டான்.

டர்பனுக்குப் பக்கத்து ஃபீனிக்ஸில் வயதான ஒரு மெக்கானிக் பார்த்தார். முள் இருக்கும் தட்டின் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் உண்டாம். சூட்டு முள், பெட்ரோல் முள் இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுப்பது அதுதான். அது கெட்டால் இரண்டும் சேர்ந்து ஏறும். சிவப்பு விளக்கு சூட்டுக்கு மட்டுமில்லை, டப்பாவில் தண்ணீர் குறைந்தாலும் மினுக்கும். அந்தத் தண்ணீர் சென்சாரின் கம்பிகள் உப்புப் பூத்திருந்தன. அதாவது இன்ஜின் முதலில் சூடாகவே இல்லை! ஸ்டெபிலைசரும் சென்சாரும் சேர்த்து 640 ரேண்ட்.

நல்ல இன்ஜினைப் பிரித்தான். தண்ணீர் ஊற்றும்போதாவது ஒழுங்காக ஊற்றினானா? ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால், நடுவில் வண்டி நீளத்துக்குக் குழாய். முன்பக்கத்தைத் தூக்கி வைத்து, ரேடியேட்டர் திருகைத் திறந்து, இன்ஜினை ஓட்டியபடியே காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டுமாம். செய்யவில்லை. உள்ளே நின்ற காற்றுதான் மேட்டில் கொதிக்க வைத்தது. இப்போது ஒரு ஹெட் வளைந்திருக்கலாம் என்கிறார்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், கோபத்தில் ஓடவில்லை. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் ஹெட்டைத் தொட விடாதீர்கள். முதலில் வெப்பமானி வைத்து இன்ஜினின் நிஜச் சூட்டை அளக்கச் சொல்லுங்கள். கேஸ்கெட் என்றால் டப்பாவில் நீல மருந்து வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், இன்ஜின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். விலையை எழுதி வாங்குங்கள். இந்த நாட்டு 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புதிதாகப் போட்ட பார்ட்டுக்குக் குறைந்தது 3 மாதம் வாரன்டி உண்டு, கழட்டிய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும்.

நான் கேட்டேன். குப்பைக்குப் போயிற்றாம். வண்டிப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் ஓம்பட்ஸ்மனுக்கு எழுத ரசீதை எடுத்து வைத்திருக்கிறேன். 18,400 ரேண்ட் என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது.