மூன்று மழைக்காலம் பார்த்த புதர் வெட்டும் மெஷின்

நத்தத்தில் இருக்கும் மச்சினன் போன வாரம் போன் போட்டான். "மச்சான், அந்த ப்ரஷ் கட்டர் எப்படி இருக்கு? நானும் ஒண்ணு வாங்கலாமா?" அன்றைக்குத்தான் பிளேடைச் சுழற்றும் பல்சக்கரங்கள் இருக்கும் கியர் ஹெட்டை மாற்றி, மதுரையிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். கேட்ட நேரம் சரியில்லை, சுள்ளென்று ஏதோ சொல்லிவிட்டேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரச் சரிவில் எங்கள் தோட்டம். கிணற்றடியிலிருந்து மேலே மாமரங்கள் வரை ஒற்றையடிப் பாதை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தால் அந்தப் பாதையே தெரியாது. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும். முன்பெல்லாம் இரண்டு ஆள் அரிவாளோடு நாலு நாள் மல்லுக்கட்டுவோம். இந்த மெஷின் வந்த பிறகு இரண்டு காலைப்பொழுது போதும். பெட்ரோல் செலவும் பெரிதில்லை. ஆயில் கலவையைச் சரியாக ஊற்றினால் மூன்றாவது இழுப்பில் கிளம்பிவிடும். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் கட்டை மேல்தான். பிளேடு தரையோடு வெட்டாது, நாலு விரல் விட்டுத்தான் வெட்டும். மிச்சம் நிற்கும் அடிக்கட்டை ஈட்டி மாதிரி கூர்ச்சாய்வாக இருக்கும், செருப்பைத் துளைத்துவிடும். அதிலிருந்தே அடுத்த மழைக்கு ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். போன வருஷம் நான் வெட்டிவிட்ட கட்டை ஒன்று, காய்ந்து சாம்பல் நிறத்தில் புல்லுக்குள் கிடந்தது. பிளேடின் வலது முன்பக்கம் அதில் 'டங்'கென்று பட்டதும் மெஷின் என்னையும் சேர்த்து வலப்பக்கம் வீசியது. சமதரை என்றால் ஓர் எட்டு வைத்துச் சமாளிக்கலாம், சரிவில் கால் நிற்காது. மாமரத்து வேரைப் பிடித்து உட்கார்ந்தேன். பட்டறையில் கழற்றிப் பார்த்தால் கியரில் இரண்டு பல் இல்லை. "கல்லுல அடிச்சிருக்கீங்க" என்றார் மெக்கானிக். கட்டை என்று சொன்னதை அவர் கடைசி வரை நம்பவில்லை.

அதனால் வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடது ஓரத்தால் மட்டும் வெட்ட வேண்டும். அப்புறம், வெட்டியதோடு விடக்கூடாது. மண் ஈரமாக இருக்கும்போதே கடப்பாரையைப் போட்டு, அடிக்கட்டைக்கு இரண்டு மூன்று விரல் கீழே ஆணிவேரை அறுத்து, கட்டையைத் தலைகீழாகப் பாறை மேல் போட்டுவிட வேண்டும். மண்ணில் பட்டால் திரும்ப வேர் பிடிக்கும். கிணற்றடிப் பக்கம் முப்பது அடிக்கு இப்படிச் செய்தேன். அந்த இடத்தில் இந்த வருஷம் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை. மற்ற இடமெல்லாம் பழைய கதைதான்.

ஆகவே மச்சினா, இவ்வளவு நல்ல மெஷினை நீ வாங்க வேண்டாம். உன் நிலம் என்னுடையதைவிடச் செங்குத்து, அங்கே நீ தனியாளாக வேலை பார்க்கிறாய். கார்த்திகையில் நானே இதைக் கொண்டுவருகிறேன். கடப்பாரையும் கோடாலியும் எடுத்து வை, அதற்குள் முதல் மழை பெய்தால் கட்டைகளைப் பிடுங்கத் தொடங்கிவிடு.