ஆறு மணிக்கு மேல் 110 யென்: டோக்கியோவில் என் இரண்டு வங்கிக் கணக்குகள்

டோக்கியோவின் நிஷி-காசாய் பகுதிக்குப் புதிதாக வந்து இறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது ஒன்றுதான். "அண்ணா, எந்த பேங்க்ல அக்கவுண்ட் ஓபன் பண்றது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, 2019 கடைசியிலிருந்து நான் வைத்திருக்கும் இரண்டு கணக்குகளைப் பற்றி முழுசாக எழுதிவிடுகிறேன். ஒன்று ஜப்பான் தபால் நிலையத்தின் யூச்சோ வங்கி, இன்னொன்று செவன் லெவன் கடைகளில் இருக்கிற செவன் பேங்க். இரண்டும் நல்ல வங்கிகள். ஆனால் எந்த நேரத்தில், எந்த மெஷினில் எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்தால் இரண்டிலும் காசு போகும்.

முதலில் இந்தக் கட்டணத்தின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் மாதம் இத்தனை தடவை இலவசம், அதற்கு மேல் எடுத்தால் கட்டணம் என்று பழகியிருக்கிறோம். இங்கே பெரும்பாலும் எண்ணிக்கை முக்கியமில்லை, கடிகாரம்தான் முக்கியம். அதே அட்டை, அதே மெஷின், மாலை ஐந்தே முக்காலுக்கு எடுத்தால் சும்மா, ஆறே காலுக்கு எடுத்தால் 110 யென். ஐடி வேலை பார்க்கிறவன் என்றைக்கு ஆறு மணிக்குள் வெளியே வந்திருக்கிறான்? அதனால் நம் ஆட்கள் கட்டுவது எப்போதுமே ராத்திரிக் கட்டணம்தான்.

110 யென்தானே என்று விட்டுவிடாதீர்கள். 2016-ல் இருந்து 2024 ஆரம்பம் வரைக்கும் இங்கே சாதாரண சேமிப்புக் கணக்குக்குக் கொடுத்த வட்டி ஆண்டுக்கு 0.001 சதவீதம். பத்து லட்சம் யென் ஒரு வருஷம் முழுக்கக் கிடந்தால் வரும் வட்டி 10 யென். ராத்திரி ஒரு தடவை அவசரத்துக்குப் பணம் எடுத்தால் 11 வருஷ வட்டி போச்சு. இப்போது வட்டி கொஞ்சம் ஏறியிருக்கிறது, அது நல்லதுதான். ஆனாலும் வாரம் இரண்டு தடவை 110 கொடுத்தால் வருஷத்துக்கு 11,000 யென்னைத் தாண்டுகிறது. அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது.

சரி, யூச்சோ. 1875-ல் தொடங்கிய தபால் சேமிப்பின் வாரிசு, 2007 அக்டோபரில் தனியார்மயமானது. இதன் பெரிய பலம், நீங்கள் எந்தக் குக்கிராமத்துக்கு மாற்றலாகிப் போனாலும் அங்கே ஒரு தபால் நிலையம் இருக்கும், அதற்குள் பெரும்பாலும் பச்சை நிற ஏடிஎம் ஒன்று நிற்கும். அந்த மெஷினில் யூச்சோ அட்டைக்குப் பணம் எடுக்கக் கட்டணமே இல்லை, ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. ஆனால் சின்ன தபால் நிலையங்களின் ஏடிஎம் சாயங்காலமே மூடிவிடும், சிலவற்றில் ஞாயிறு கிடையாது. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மெஷினின் நேரத்தை ஒரு தடவை போய்ப் பார்த்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேமிலி மார்ட் கடைகள் பலவற்றில் யூச்சோவின் சின்ன ஏடிஎம் உண்டு. நான் வந்த புதிதில் அது எந்நேரமும் இலவசமாக இருந்தது. 2022 ஜனவரி 17-லிருந்து வார நாட்களில் காலை 8:45 முதல் மாலை 6 மணி வரை, சனிக்கிழமை 9 முதல் 2 மணி வரை மட்டும்தான் இலவசம். மற்ற நேரமெல்லாம் 110. பழைய ஆட்கள் சொன்னதை நம்பி இன்னும் பலர் ராத்திரியில் அங்கே போய் எடுக்கிறார்கள். அதே யூச்சோ அட்டையை செவன் லெவனிலோ லாசன் கடையிலோ செருகினால் பகலிலேயே 220, மற்ற நேரத்தில் 330. ஒரு தடவைக்கு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அதே 2022-ல்தான் ஏடிஎம்மில் சில்லறை போடவும் கட்டணம் வந்தது. யூச்சோ மெஷினில் 25 நாணயங்கள் வரை போட 110 யென். ஒரு யென் காசு இருபதைக் கொண்டுபோய்ப் போட்டால் போட்டதைவிடக் கட்டணம்தான் அதிகம். சில்லறையைக் கடையில் செலவழித்துவிடுங்கள்.

யூச்சோ ஏடிஎம்மை முதல் தடவை பயன்படுத்தும்போது நிதானமாக இருங்கள். இங்கிலீஷ் பட்டன் உண்டு. ஆனால் ஜப்பானியத் திரையிலேயே போனால் தொகையைப் பத்தாயிரக் கணக்கில் கேட்கும். 'மன்' என்றால் பத்தாயிரம். முப்பதாயிரம் வேண்டுமென்றால் 3 அழுத்தி, மன் அழுத்தி, அப்புறம் யென் அழுத்த வேண்டும். லட்சத்திலும் ஆயிரத்திலும் எண்ணிப் பழகிய நமக்கு இங்கேதான் தடுமாறும். பாஸ்புக்கையும் சேர்த்துச் செருகினால் டகடகவென்று வரி வரியாக அச்சடிக்கும், மூடி திறக்கும், நோட்டுகள் அடுக்காக நிற்கும். ஒவ்வொரு மாதமும் அந்த பாஸ்புக்கைத் திறந்து கட்டணம் பிடித்த வரிகளை மட்டும் விரலால் தேடிப் பாருங்கள். எங்கே காசு போகிறது என்று தெரிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யூச்சோவில் புதிதாக வந்தவர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம் கணக்கு எண். பாஸ்புக்கில் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்றும், எட்டு இலக்கம் வரை நீளும் ஒரு எண்ணும் இருக்கும். அதை அப்படியே கம்பெனி எச்ஆருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சம்பளம் வராது. தபால் சேமிப்பு நெடுங்காலம் மற்ற வங்கிகளின் பணப் பரிமாற்ற அமைப்புக்கு வெளியே இருந்தது, 2009 ஜனவரியில்தான் உள்ளே சேர்ந்தது. அதனால் வேறு வங்கியிலிருந்து பணம் வர இன்னொரு எண் உண்டு. குறியீட்டின் இரண்டாவது, மூன்றாவது இலக்கங்களோடு 8 சேர்த்தால் கிளை எண். அதாவது குறியீடு 10180 என்றால் கிளை 018. கணக்கு எண்ணில் கடைசியில் இருக்கிற 1-ஐ எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் அங்கே கொடுக்க வேண்டிய கணக்கு எண். 12345671 என்றால் 1234567. கணக்குத் தொடங்கும்போதே கவுன்டரில் கேட்டால் இந்த எண்ணை பாஸ்புக்கிலேயே அச்சடித்துத் தருவார்கள், கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இதில்தான். இங்கே வங்கிக் கணக்கின் பெயர் கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் பதிவாகும். நம் பாஸ்போர்ட்டிலோ குடும்பப் பெயர் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்தில் ல, ள, ழ, ர எல்லாமே ஒரே வரிசைதான். தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் வந்தால் தமிருசெருவி ஆகிவிடுவாள். அதில் கடைசி எழுத்தை 'வி' என்றும் எழுதலாம், 'பி' என்றும் எழுதலாம், இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. எனக்கே அது நடந்தது. என் முதல் கம்பெனியில் சம்பளப் பிரிவு ஒரு மாதிரி எழுதியது, என் பாஸ்புக்கில் வேறு மாதிரி இருந்தது, முதல் மாதச் சம்பளம் திரும்பிப் போய்விட்டது. வாடகை தேதி வந்துவிட்டது, கையில் இந்திய டெபிட் கார்டு மட்டும். அந்த ஒன்பது நாள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் கணக்குத் தொடங்கியதும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து, அந்தக் கதகானாவை ஒரு எழுத்து மாறாமல் கம்பெனிக்கும் வீட்டு ஏஜென்டுக்கும் அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

அந்த இந்திய கார்டு என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் வங்கிகள் பல, வெளிநாட்டில் பணம் எடுத்தால் 3.5 சதவீதம் வரை மார்க்அப் என்று கூடுதலாகப் போடும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. முப்பதாயிரம் யென் எடுத்தால் அதுவே கிட்டத்தட்ட 1,240 யென். அப்புறம் இங்கத்திய ஏடிஎம் கட்டணம், அங்கத்திய வங்கியின் ஏடிஎம் கட்டணம். திரையில் ரூபாயில் கணக்கிடவா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், யென்னிலேயே எடுங்கள். ரூபாயில் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் இன்னும் மோசம். இந்திய கார்டு முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் போதும், அதற்குப் பிறகு பெட்டிக்குள் போகட்டும்.

செவன் பேங்குக்கு வருவோம். இதற்கு நம் ஊர் மாதிரி கிளை, பாஸ்புக் என்று எதுவும் கிடையாது, கடைக்குள் இருக்கிற ஏடிஎம்தான் வங்கி. நாடு முழுக்க 25,000-க்கும் மேல் இருக்கின்றன, 24 மணி நேரமும் இயங்கும். அவர்களுடைய சொந்தக் கணக்காக இருந்தால் காலை 7 முதல் இரவு 7 வரை பணம் எடுப்பது இலவசம், வார இறுதியிலும் அப்படியே. 7-க்கு மேல் 110. பணம் போடுவது எந்நேரமும் இலவசம். யூச்சோவின் கடை மெஷின் ஆறு மணிக்கு மூடும் இலவச வாசலை இது ஏழு வரை திறந்து வைக்கிறது, சனி ஞாயிறும் திறந்து வைக்கிறது, எனக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். காலையில் டோசாய் லைன் ரயில் ஏறுவதற்கு முன் ஏழரைக்கு எடுத்துவிடுவேன், ஒரு யென் கட்டணம் கிடையாது. மெஷின் திரை 12 மொழிகளில் பேசும். தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. இத்தனை இந்தியர்கள் இருக்கிற எங்கள் எதோகாவா வார்டில் நின்றுகொண்டு பார்க்கும்போது அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

குறையும் உண்டு. மின்சாரம், தண்ணீர், வாடகை என்று தானாகப் பிடித்தம் செய்யும் எல்லா நிறுவனங்களும் செவன் பேங்கை ஏற்பதில்லை. அதனால் இது ஒன்றை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. சம்பளமும் பிடித்தங்களும் யூச்சோவில், கைச்செலவு செவனில் என்று நான் பிரித்திருக்கிறேன். மாதம் ஒரு முறை சனிக்கிழமை பகலில் தபால் நிலையத்தில் மொத்தமாக எடுத்து, எதிர்க்கடை செவனில் போட்டுவிடுவேன். இரண்டு பக்கமும் கட்டணம் இல்லை. கார்டு, போன் என்று எல்லாம் வந்துவிட்டாலும் எங்கள் பக்கத்து கிளினிக்கும் ராமென் கடையின் டோக்கன் மெஷினும் இன்னும் காசுதான் கேட்கின்றன. 2024 ஜூலையில் புது நோட்டு வந்தபோது அந்த டோக்கன் மெஷின்களில் சில அதைத் துப்பிக்கொண்டே இருந்தன.

கணக்குத் தொடங்க, வெளிநாட்டவருக்கு இங்கே தரும் ரெசிடென்ஸ் கார்டில் முகவரி ஏறியிருக்க வேண்டும், அதனால் முதலில் வார்டு ஆபீஸ். பல வங்கிகள் ஜப்பான் வந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள். நான் முதலில் போன ஒரு பெரிய பழைய வங்கி அப்படிச் சொல்லித்தான் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துத் திருப்பி அனுப்பியது. யூச்சோவில் முதல் மாதமே கிடைத்தது. கம்பெனி அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள், இங்கே வேலையில் இருப்பதற்கு அது ஆதாரம். 'எஸ்பிஐ' என்று ரயிலில் விளம்பரம் பார்த்து நம் ஸ்டேட் பேங்க் என்று நினைத்துவிடாதீர்கள், அது முழுக்க வேறு ஜப்பானியக் குழுமம். நம் ஸ்டேட் பேங்குக்கும் டோக்கியோவில் கிளை உண்டு, அது தனி.

வீடு மாறினால் அன்றே வங்கியில் முகவரியை மாற்றுங்கள். தபால் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷம் கடிதங்களைப் புது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பது உண்மை, ஆனால் வங்கிக் கடிதங்களில் பல 'வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டாம்' என்ற முத்திரையோடு வரும், அவை நேராக வங்கிக்கே திரும்பிவிடும். விசா புதுப்பித்தால் புது ரெசிடென்ஸ் கார்டையும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை முடக்குகிறார்கள். என் நண்பர் ஒருவருக்கு, இங்கே பெயர் சொல்லாத ஒரு வங்கியில், குழந்தை பிறந்த வாரத்தில் அது நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டணத்தை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டினோம்.

ஊரில் இருக்கிற கணக்கையும் கவனியுங்கள். வெளிநாட்டில் வேலைக்கு வந்துவிட்டால் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வாழும் இந்தியரின் ஊர் வருமானத்துக்கான கணக்காக மாற்ற வேண்டும், அது விதி. இங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்ஆர்ஈ என்ற இன்னொரு வகைக் கணக்கைத் தனியாகத் தொடங்குங்கள், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியிலோ 30 சதவீதமும் செஸ்ஸும் பிடித்துக்கொள்வார்கள். ஓடிபி வர இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளிடம், உன் கணக்கையும் கார்டையும் கொடு, பணம் தருகிறேன் என்று ஆன்லைனில் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள் தம்பி, அது இங்கே குற்றம், விசாவே போய்விடும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் தபால் நிலையத்துக்குப் போய், மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு, பாஸ்புக்கைக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். கேஸ், தண்ணீர்க் கட்டணத்தின் கடைசிப் பிடித்தம் போய்விட்டதா என்று மட்டும் அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.