பல் பார்த்து வாங்கிய லேப்டாப்

விலை 17,500 ரூபாய். வாங்கியது 2022 ஜூலையில், ஈரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில். 14 இன்ச், இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 புராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 2017 மாடல் என்பதால் என் கைக்கு வரும்போதே அதற்கு அஞ்சு வயசு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்று வருடத்தையும் இதில்தான் ஓட்டினேன். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய ஆபீஸ்களுக்கென்று கனமாகச் செய்கிற கருப்பு மெஷின்கள் மூன்று நாலு பிராண்டில் வருகின்றன. நான் எழுதுவது எல்லாவற்றுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

வாங்கின கதையைச் சொல்லாமல் இந்த ரிவ்யூவை எழுத முடியாது. எங்கப்பா மாட்டுத் தரகர். அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊர். வியாழக்கிழமை என்றால் கருங்கல்பாளையம் சந்தையில்தான் இருப்பார். அன்றைக்குச் சந்தை முடிந்ததும் அதே சட்டையோடு, தோளில் துண்டோடு கடைக்கு வந்துவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கி முன்னாலேயே போய்க் காத்திருந்தேன்.

கடைக்காரத் தம்பி ஒரு மெஷினை எடுத்து வைத்தார். அப்பா அதைத் திறக்கவில்லை. முதலில் கவிழ்த்துப் பார்த்தார்.

"இது எந்த ஊர்ல இருந்து வந்துதுங் தம்பி?"

"பெங்களூருங்ணா. ஐடி கம்பெனி மெஷின். லாட்ல எடுத்தது."

அடியில் பழைய கம்பெனியின் நம்பர் ஸ்டிக்கர் பாதி உரிந்து ஒட்டியிருந்தது. "சூடு போட்டிருக்குது பாரு அம்மிணி" என்று என்னிடம் காட்டினார். அப்புறம் "எத்தனை பல்லு?" என்றார். மாட்டுக்குப் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்வார்கள். அந்தத் தம்பி முழித்தார். நான்தான் "அஞ்சு வருசம்ப்பா" என்றேன்.

"அப்ப கடைசிப் பல்லும் முளைச்சாச்சு. இனி வாயைப் பாத்து வயசு சொல்ல முடியாது. நடக்க விட்டுத்தான் பாக்கோணும்."

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது. ஆனால் பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை சொல்ல என்னிடம் இல்லை. அரை மணி நேரம் நடக்க விட்டோம். நோட்பேடைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று மூடித் திறந்தேன். வீடியோ ஓடவிட்டு ஃபேன் சத்தம் கேட்டேன். கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொடுத்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். இது விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் காட்டும். என்னுடையது நூற்றுக்கு அறுபத்து சொச்சம் வந்தது. கடைக்காரர் "சூப்பர் பேட்டரிங்க" என்று சொல்லி முடித்த அடுத்த நிமிடம் இந்த ரிப்போர்ட் வந்ததில் விலை சுலபமாக இறங்கியது.

அவர் சொன்னது 21,000. அப்பா பழக்க தோஷத்தில் துண்டை எடுத்து அந்தத் தம்பியின் கையை மூடி விரலைப் பிடித்துவிட்டார். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது. தம்பி பயந்து கையை உருவிக்கொண்டார். சரி என்று வாயாலேயே பேசி 17,500க்கு முடித்தோம். ஒரு பேக், ஒரு மவுஸ் இலவசம். மவுஸ் தீபாவளி வரைக்கும் உழைத்தது.

நாங்கள் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது உள்ளே போகிற பயாஸ் அமைப்புக்குப் பழைய கம்பெனிக்காரர்கள் பாஸ்வேர்ட் போட்டு வைத்திருந்தார்கள். விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறவரை அது தெரியவே தெரியாது. முதல் செமஸ்டர் லீவில் விண்டோஸ் மாதிரியே இன்னொரு சிஸ்டமான, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஏற்றலாம் என்று உட்கார்ந்தபோதுதான் பூட்டு தெரிந்தது. கடைக்குப் போனால் "அது நீங்க போட்டதா இருக்கும்" என்றார்கள். வாரண்டி ஆறு மாதம் என்று சொன்னது வாயால் சொன்னது. பில்லில் அந்த வரி இல்லை. ஒன்பது நாள் வைத்திருந்து, 800 ரூபாய் வாங்கிக்கொண்டுதான் எடுத்துக் கொடுத்தார்கள். கூடவே கொடுத்த சார்ஜரும் டூப்ளிகேட். எட்டாவது மாதம் கருகின வாசனை வந்தது. ஆகவே பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். வாரண்டியை பில்லில் எழுதி வாங்குங்கள்.

இனி படிப்புக்கு இது எப்படி உதவியது என்பது.

எங்கள் காலேஜ் லேபில் முதல் வருடம் சி புரோகிராமிங்குக்கு, புரோகிராமை எழுதி ஓட்டிப் பார்க்க டர்போ சி என்கிற சாஃப்ட்வேர். 1987இல் போர்லேண்ட் கம்பெனி வெளியிட்ட சாமான். நான் பிறந்தது 2004. இன்றைய விண்டோஸில் அது நேராக ஓடாது என்பதால் விண்டோஸுக்கு முந்தின காலத்து டாஸ் சிஸ்டம் மாதிரியே நடிக்கிற டாஸ்பாக்ஸ் என்கிற பொம்மை டாஸுக்குள் ஓட்டினோம். நீலத் திரை, புரோகிராமில் சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்ச், வாய்ட் மெயின் என்று அந்தக் காலத்து வரிகள். லினக்ஸ் ஏற்றியதும் அதே புரோகிராமை வீட்டில் ஜிசிசி என்கிற லினக்ஸ் சி கம்பைலரில் போட்டேன். கோனியோ என்ற ஃபைலே இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிட்டது. இரண்டு நாள் என் மெஷின்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது டர்போ சியோடு வந்த தனிச்சரக்கு, சி மொழிக்கென்று வகுத்த பொது விதிகளில் சேர்ந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் என்னவென்று புரிந்த நாள் ஃபேக்டோரியல் புரோகிராம் போட்ட நாள்தான். லேபில் 7 கொடுத்தால் 5040. சரி. 8 கொடுத்தால் -25216. ஒன்றிலிருந்து எட்டுவரை பெருக்கினால் மைனஸ் எப்படி வரும்? மேடம் "ஏழு வரைக்கும் குடுத்து ரெக்கார்டுல எழுதிக்கோ" என்றார். வீட்டில் அதே புரோகிராம் 40320 என்று சரியாகச் சொன்னது. ஒரே புரோகிராம், இரண்டு மெஷின், இரண்டு விடை. தோண்டிப் பார்த்தால் டர்போ சியில் முழு எண்ணை வைக்கிற இன்ட் என்கிற பெட்டி 16 பிட் அளவுதான். அதில் 32767க்கு மேல் இடமில்லை. தாண்டினால் சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விடும். 40320லிருந்து 65536ஐக் கழித்துப் பாருங்கள், அதே -25216. என் மெஷினில் இன்ட் 32 பிட், அதனால் தாங்கியது. ஆனால் அதுவும் 12 வரைக்கும்தான். 13 கொடுத்தேன்: 1932053504 என்று வந்தது. சரியான விடை 622 கோடிக்கு மேல். லேபில் மைனஸாவது வந்து தப்பென்று காட்டிக்கொடுத்தது. இது யோக்கியமான முகத்தோடு பொய் சொன்னது. சொந்தமாக ஒரு மெஷின் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால் நான் ஏழோடு நின்று ரெக்கார்டு எழுதியிருப்பேன்.

ரெண்டாம் வருடம் டேட்டா ஸ்ட்ரக்சர், ஜாவா, ஆபரேட்டிங் சிஸ்டம். எதற்கும் இந்த மெஷின் மூச்சு வாங்கவில்லை. டேட்டாபேஸ் பேப்பருக்கு மைஎஸ்க்யூஎல் போட்டுக்கொண்டேன். இங்கிலீஷ் புத்தகத்தில் தலை சுற்றினபோது கணியம் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிற தமிழ் மின்னூல்களைப் படித்தேன். அரியர் இல்லாமல் போனதில் அதற்கும் பங்குண்டு.

மூச்சு வாங்கியது போன் ஆப் செய்கிற ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில். 8 ஜிபி ரேமில் அதைத் திறந்து, கூடவே திரைக்குள் ஒரு போன் வரவழைக்கிற எமுலேட்டரையும் ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம். அம்மா மாட்டைக் கறந்துவிட்டு வரும்வரை அது சுற்றிக்கொண்டே இருந்ததும் உண்டு. இங்கேதான் பழைய ஆபீஸ் மெஷினின் அருமை. அடியில் ஸ்குரூவைக் கழற்றினால் ரேமுக்கு இரண்டு இடம் தெரிகிறது, ஒன்று காலி. பழைய 8 ஜிபி ஒன்றை 1,300 ரூபாய்க்கு வாங்கி நானே அழுத்தி மாட்டினேன். போர்டில் சாக்பீஸில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டிய மெமரியை முதன்முதலில் கையால் தொட்டது அப்போதுதான். எமுலேட்டரையும் விட்டுவிட்டு கேபிளில் என் போனையே சொருகி ஓட்டிக்கொண்டேன். பிரச்சினை தீர்ந்தது.

என் கிளாஸ்மேட் ஒருத்தி அதே வருடம் 38,000க்குப் புதிது வாங்கினாள், இஎம்ஐயில். மெல்லிசாக, வெள்ளியாக, அழகாக இருக்கும். ரேம் போர்டோடு சேர்த்து ஒட்டின மாதிரி பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. ரெண்டாம் வருடம் கீல் போய்விட்டது. புதிது வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வீடியோ எடிட்டிங், கேம், மெஷின் லேர்னிங் மாடல்களை வீட்டிலேயே பழக்குவது என்கிறவர்களுக்கு என் மெஷின் ஆகாது; தனி கிராஃபிக்ஸ் கார்டே இதில் இல்லை. எங்களைப் போன்ற கலை அறிவியல் கல்லூரி சிலபஸுக்கு இது தாராளம், அவ்வளவுதான்.

குறைகள் இருக்கின்றன. திரை மங்கல். வெளிச்சத்தில், திண்ணையில் உட்கார்ந்து பார்க்க முடியாது. சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். சார்ஜரோடு சேர்த்தால் இரண்டு கிலோவுக்குப் பக்கம். அந்தியூர் ஈரோடு பஸ்ஸில் பவானி வரைக்கும் நின்றுகொண்டே போகிற நாட்களில் தோள்பட்டைக்குத் தெரியும். அப்புறம் எறும்பு. இது மெஷினின் குற்றமில்லை, எங்கள் வீட்டின் குற்றம். புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில்தான் என் மேசை. ஒரு மழைக்காலத்தில் கீபோர்டுக்குள்ளிருந்து சாரை சாரையாக வந்தன. மூடியைக் கழற்றி பெயிண்ட் பிரஷ்ஷால் பெருக்கித் தள்ளினேன். எஃப் எழுத்து மட்டும் அதற்கப்புறம் கொஞ்சம் அழுத்தமாகக் கேட்கிறது.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மாடலில் இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, ஒன்று பின்னால் கழற்றி மாட்டுகிற மாதிரி. பின்னதை ரெண்டாம் வருடம் 2,400 கொடுத்து மாற்றினேன். மாதம் ஒருநாள் மின்வாரியம் பராமரிப்பென்று காலையிலேயே கரண்டை நிறுத்தும். பெரும்பாலும் அது மாடல் எக்ஸாமுக்கு முந்தின நாளாக அமையும். அப்படியொரு நாளில் ஐந்து மணி நேரம் தாங்கியது.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு எல்லோரும் லைப்ரரி மேனேஜ்மென்ட் செய்தார்கள். நான் எங்கள் ஊர் பால் சொசைட்டிக் கணக்கு செய்தேன். லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் (பாலில் கொழுப்பு போக உள்ள திடச்சத்து) போட்டால் யாருக்கு எவ்வளவு என்று வரும். பைசாக் கணக்கை, புள்ளிக்குப் பின்னால் வருவதை ஏறக்குறையத்தான் வைத்துக்கொள்கிற ஃப்ளோட்டில் போட்டு மாதக் கடைசியில் மூன்று பைசா இடித்தது. அம்மா நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பைசாவைத் துல்லியமாக வைத்துக்கொள்கிற டெசிமலுக்கு மாற்றினபின் சரியானது. வைவாவில் வந்தவர் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார், நல்லவேளை.

ஒரே தொல்லை, பிளேஸ்மென்ட் டெஸ்ட். கேமரா வைத்துக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்றார்கள். அதற்காகவே விண்டோஸையும் ஒரு பக்கம் வைத்திருந்தேன்.

இந்த வருடம் சேருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என்னுடையது ஏழு, அதனால் இப்போது முழுக்க லினக்ஸ் மின்ட். விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்றால் எட்டாம் தலைமுறை கேளுங்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. லினக்ஸ் போதும் என்பவர்கள் ஏழாம் தலைமுறையைக் காட்டி, "இதுல பதினொண்ணு ஏறாதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். விலை பேச அது நல்ல பிடி.

நான் இப்போது கோவையில் வேலையில் இருக்கிறேன், ஆபீஸில் வேறு லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். இதை ஊரில் சித்தப்பா பையன் எடுத்துக்கொண்டான். அவனும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேர்ந்திருக்கிறான். போன வாரம் ஊருக்குப் போனபோது அப்பா அதைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, கீலை ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு ஈத்துக்குத் தாங்கும்" என்றார்.