அடிஸ் அபாபாவில் ஒரே தட்டுச் சாப்பாடு

அலுவலக வேலையாக எத்தியோப்பியா போக வேண்டும் என்றதும் எனக்கு வந்த முதல் பயம் சாப்பாடுதான். நான் சைவம். பச்சை மாட்டிறைச்சியைப் பொடியாகக் கொத்தி, மசாலா வெண்ணெயில் புரட்டி, கிட்ஃபோ என்று விருந்தில் வைப்பார்கள் எனப் படித்திருந்ததால் அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். முதல் நான்கு நாள் அதையேதான் அறைக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. கூட வேலை செய்பவர்கள் போலே பகுதியில் ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப் போனார்கள். பலகை முழுக்க அம்ஹாரிக் எழுத்து, பெயரைப் படிக்க முடியவில்லை. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாள். இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் தொட மாட்டார்கள். 'பெயாய்நெத்து' கேட்டால் பெரிய தட்டு நிறைய இஞ்சேரா என்ற தோசை மாதிரியான அப்பத்தை விரித்து, அதன்மேல் காரமான மைசூர்ப்பருப்புக் குழம்பு, கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் எனக் குவியல் குவியலாக வைத்துத் தருகிறார்கள்.

இஞ்சேரா செய்வது டெஃப் என்ற தானியத்தில், அது கேழ்வரகை விடவும் பொடி. மாவைச் சில நாள் புளிக்க வைத்து, திருப்பிப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் சுடுகிறார்கள். மேலே ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். முதல் வாய் எனக்கு மூன்றாம் நாள் தோசை மாவு போலப் புளித்தது, ஆனால் பருப்போடு சேர்ந்தபோது அந்தப் புளிப்பு இல்லாமல் இந்தக் காரம் நிற்காது என்று புரிந்தது. ஷிரோதான் இந்தக் கடையில் எல்லாவற்றையும் விட ருசி, பூண்டு மணக்க மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்தது.

உண்மையான கஷ்டம் வேறு. நாலு பேருக்கும் ஒரே தட்டு. தண்ணீரைக்கூட அண்ணாந்து குடித்து வளர்ந்தவள் நான், எச்சில் என்ற நினைப்பு கையைக் கட்டிப்போட்டது. பக்கத்தில் இருந்த வயதான அக்கா ஒரு துண்டைப் பிய்த்து, குழம்பைச் சுருட்டி நேராக என் வாய்க்கு நீட்டினார். இதற்கு குர்ஷா என்று பெயர், பிரியமானவர்களுக்கு ஊட்டுவது. வாங்கிக்கொண்டேன். அப்புறம் கை தானாகத் தட்டுக்குப் போனது.

குறை என்றால் காய்கறியில் எண்ணெய் தூக்கல், பரிமாற நேரமாகிறது. சைவக்காரர்கள் 'யெட்சோம்' என்று சொல்லிக் கேளுங்கள், விரதச் சாப்பாடு என்று அர்த்தம். சில கடைகளில் அதிலும் மீன் வரும், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காபிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று தருவார்கள். நான் வெள்ளிக்கிழமையும் போனேன்.